நெப்போலியனை வென்றவர் பார்த்த கான்ஸ்டபிள் வேலை

கான்ஸ்டபிள் என்றால் நமக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவலர்தான் நினைவுக்கு வருவார்.

இங்கிலாந்தில் ஒரு கான்ஸ்டபிள் இருந்தார். அவர் பெரிய பிரபு. நெப்போலியனைப் போர்க்களத்தில் முறியடித்த தளபதி. பிரதம மந்திரியாகவும் இருந்தவர். அப்படிப்பட்டவர் சாகும் வரை 26 ஆண்டுகள் கான்ஸ்டபிள் உத்தியோகமும் பார்த்தார்!

அவர்தான் வெல்லிங்டன். ஊட்டிக்கு மலை ரெயிலில் போகிறவர்கள், குன்னூரைத் தாண்டியதும் வெல்லிங்டன் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அந்த ஊரின் பெயர் இவருடைய பெயர்தான்.

லண்டன் நகரில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதன் பெயர் லண்டன் டவர். டவர் என்றால் கோபுரம். ஆனால் அது ஒரே கோபுரம் அல்ல. நடுவில் 90 அடி உயரமுள்ள வெள்ளைக் கோபுரம். அதைச் சுற்றி இரட்டை மதில். மதிலைச் சுற்றி வேலூர் கோட்டைக்கு இருப்பதைப் போல அகழி. ராஜ கிரீடங்கள், ராணுவத்தின் துப்பாக்கிகள், சர்க்காரின் பழைய தஸ்தாவேஜுகள் எல்லாம் அந்தக் காலத்தில் அங்கேதான் பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவி ஆன் போலின் 1536-ல் தலை வெட்டப்பட்டதும் அங்கேதான்.

அந்தக் கோட்டைக்குத் தலைமை அதிகாரியின் பட்டம்தான் கான்ஸ்டபிள். வாசல் காவலாளி முதல் பட்டாளத்துச் சிப்பாய் வரை எல்லோரும் அவருக்குக் கீழ்.

பிடில் வாசித்த பிள்ளை

வெல்லிங்டனின் இயற்பெயர் ஆர்தர். அயர்லாந்து நாட்டில் 1769-ல் பிறந்தார். தந்தை ஒரு பிரபு, சங்கீதத்தில் வல்லவர். 1781-ல் தந்தை இறந்து விட்டார். குடும்பத்தில் கடன் இருந்தது.

ஆர்தர் படிப்பில் சூரர் அல்ல. பிடில் வாசிப்பார். அவ்வளவுதான். இந்தப் பிள்ளை எதற்கும் உதவ மாட்டான் என்று தாயாரே கவலைப்பட்டார். வேறு வழி இல்லாமல் 1787-ல் பட்டாளத்தில் சேர்த்து விட்டார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பட்டாளத்தில் அதிகாரி பதவிகள் விலைக்குக் கிடைத்தன. பணம் கொடுத்தால் காப்டன் ஆகலாம். இன்னும் கொடுத்தால் மேஜர் ஆகலாம். ஆர்தரும் அப்படியே உயர்ந்தார். 1793-ல் அண்ணனிடம் கடன் வாங்கி, லெப்டினென்ட் கர்னல் பதவியை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 24. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே ஆண்டில் கிட்டி என்ற பெண்ணை மணக்க விரும்பினார். இவருக்குச் சொத்தும் இல்லை, எதிர்காலமும் இல்லை என்று பெண் வீட்டார் மறுத்து விட்டனர். ஆர்தர் தமது பிடில்களை நெருப்பில் போட்டுக் கொளுத்தினார். அதன் பிறகு அவர் வாசிக்கவே இல்லை. (அந்தப் பெண்ணையே 13 ஆண்டுகள் கழித்து, 1806-ல் மணந்து கொண்டார். அந்த வாழ்க்கை இனிக்கவில்லை என்பது வேறு கதை.)

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு இரவு

1797-ல் ஆர்தர் தமது படையுடன் கல்கத்தா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் ரிச்சர்டு வெல்லெஸ்லி, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். தம்பிக்கு அதிர்ஷ்டம் பிறந்தது. சென்னைக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வீட்டில் வசித்தார்.

மைசூரில் திப்பு சுல்தான் ஆண்டு கொண்டிருந்தார். வெள்ளையருக்குத் திப்புவின் பெயரைக் கேட்டாலே தூக்கம் கெடும். 1799-ல் படை திரண்டது. ஆர்தரும் போனார்.

ஏப்ரல் 5-ந் தேதி இரவு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பைப் பிடிக்கும்படி ஆர்தருக்கு உத்தரவு. அந்தத் தோப்பைப் பகலில் அவர் பார்த்ததே இல்லை. கும்மிருட்டு. உள்ளே வாய்க்கால்கள். திப்புவின் வீரர்கள் சுட்டார்கள். ஆர்தரின் படை சிதறியது. வழி தெரியாமல் அவரே தட்டுத் தடுமாறி முகாமுக்குத் திரும்பினார். அவருடைய ஆட்கள் 12 பேர் பிடிபட்டு உயிர் இழந்தனர்.

பிற்காலத்தில் எத்தனையோ வெற்றிகள் வந்தும், அந்தத் தோப்பை அவர் மறக்கவில்லை. பகலில் பார்க்காத இடத்தில் இரவில் படையை இறக்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தார்.

மே 4-ந் தேதி கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் வாள் ஏந்திப் போராடி வீர மரணம் அடைந்தார்.

அன்று இரவு நடந்தது கொடுமை. வென்ற சிப்பாய்கள் கொள்ளைக்காரர்களாக மாறினர். வீடு வீடாகப் புகுந்து நகைகளைப் பறித்தார்கள். தீ வைத்தார்கள். மானத்துக்கு அஞ்சிப் பெண்கள் ஓடினார்கள். நகரைப் பிடித்த படைக்கு நகரைக் காக்கத் தெரியவில்லை.

மறுநாள் மே 5-ந் தேதி காலை, நகரத்தின் பொறுப்பு ஆர்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோட்டையைத் தாக்கிப் பிடித்த ஜெனரல் பெயர்டுக்கு இதில் பெரிய கோபம். அவர் ஒரு காலத்தில் இதே ஊரில் சுமார் 4 ஆண்டுகள் கைதியாகக் கிடந்தவர். கவர்னர் ஜெனரலின் தம்பி என்பதால் ஆர்தருக்குச் சலுகை என்று பேச்சு எழுந்தது. எழாமல் இருக்குமா?

ஆனால் ஆர்தர் செய்த காரியம் என்ன? அரண்மனைக்கும் தெருக்களுக்கும் காவல் போட்டார். கொள்ளையடித்துப் பிடிபட்ட சிப்பாய்கள் நான்கு பேரைத் தூக்கில் போட்டார். அவர்கள் அவருடைய சொந்தப் படையினர்தான். இன்னும் பலருக்குக் கசையடி. சில நாட்களில் கடைகள் திறந்தன. ஓடிப் போனவர்கள் வீடு திரும்பினார்கள்.

அன்னிய நாட்டைப் பிடிக்க வந்தவர் அவர். அதில் சந்தேகம் இல்லை. வெற்றிப் பணத்தில் அவருக்குக் கிடைத்த பங்கு 4,000 பவுன். அதிலிருந்து பழைய கடனைத் திருப்பித் தருவதாக அண்ணனுக்கு எழுதினார். அண்ணன் வாங்கிக் கொள்ளவில்லை. ஆனாலும் காவல்காரனே கொள்ளையடித்தால் ஊர் என்ன ஆகும் என்பதை, 30 வயதில் கண்ணெதிரே பார்த்து விட்டார்.

1803-ல் அசாயே என்ற இடத்தில் மராட்டியப் படையை வென்றார். 1805-ல் இங்கிலாந்து திரும்பினார். பிறகு போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் பிரெஞ்சுக்காரர்களுடன் ஆறு ஆண்டுப் போர். 1814-ல் டியூக் பட்டம். 1815 ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூ போரில் நெப்போலியன் வீழ்ந்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

விலைக்குக் கிடைத்த காவல்

1826-ன் கடைசியில் வெல்லிங்டன் லண்டன் டவரின் கான்ஸ்டபிளாக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஹேஸ்டிங்ஸ் பிரபு. அவரும் இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர்தான்.

கிழட்டுச் சிங்கங்களுக்குக் கொடுக்கும் கௌரவப் பதவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெல்லிங்டன் அப்படி நினைக்கவில்லை. காவல் என்றால் காவல்தான் அவருக்கு.

கோட்டைக்குள் யோமன் வார்டர்கள் என்ற காவலர்கள் உண்டு. ஜெயில் வார்டர் என்கிறோமே, அந்த வார்டர்தான். கைதிகளையும் வாசலையும் காப்பது இவர்கள் வேலை. விசேஷ நாட்களில் சிவப்பும் தங்கச் சரிகையுமாக உடுப்பு. மாட்டிறைச்சி தின்பவர்கள் என்ற பட்டப்பெயரும் ஜனங்கள் வைத்திருந்தார்கள்.

பார்வைக்கு ஜோர்தான். ஆனால் அந்த வேலை எப்படிக் கிடைத்தது?

விலைக்கு! ஒரு வார்டர் வேலையின் விலை சுமார் 250 கினி. ஒரு கினி என்பது ஒரு பவுனுக்கு மேல் ஒரு ஷில்லிங். ஏழைச் சிப்பாய் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. பணம் உள்ளவன் வாங்கினான். வேலையை விடும்போது அடுத்தவனுக்கு விற்றான். தந்தை மகனுக்குக் கொடுத்தான். துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா என்பது இரண்டாம் கேள்வி. போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிற ஜனங்களிடம் கை நீட்டினார்கள்.

இதில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வேலையை விற்காமலே ஒரு வார்டர் இறந்து விட்டால், அந்தப் பணம் அவருடைய மனைவி மக்களுக்குப் போகாது. கான்ஸ்டபிளுக்குப் போகும்! ஆகவே புதிதாக ஒருவர் வேலையில் சேரும்போது மற்ற வார்டர்கள் கோப்பையை உயர்த்தி, இவர் வார்டராக இருக்கும்போதே சாகாமல் இருக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த வாழ்த்துக்குள் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது.

இப்படி ஒரு காவலர் படையிடம்தான் நாட்டின் கிரீடம் இருந்தது. முன்பு ஒரு முறை என்ன நடந்தது? 1671-ல் கர்னல் பிளட் என்ற ஆசாமி பாதிரியார் வேஷத்தில் வந்தான். நகைகளைக் காத்த 77 வயதுக் கிழவரை அடித்துப் போட்டான். கிரீடத்தைச் சுத்தியால் நசுக்கி அங்கிக்குள் மறைத்துக் கொண்டு ஓடினான். வாசல் அருகேதான் பிடிபட்டான்.

வெல்லிங்டன் உத்தரவு போட்டார். இனி வார்டர் வேலையை விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. தந்தைக்குப் பின் மகன் என்பதும் கூடாது. பட்டாளத்தில் நற்பெயர் எடுத்த சார்ஜெண்டுகளுக்கு மட்டுமே அந்த வேலை. ஒவ்வொரு படைப்பிரிவின் அதிகாரியும் தகுதியானவரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். பணம் செலுத்தத் தேவை இல்லை.

இதனால் நஷ்டம் யாருக்கு? இறந்த வார்டரின் பணம் வர வேண்டிய கான்ஸ்டபிளுக்கும் நஷ்டம்தான். தம் பைக்கு வரும் வழியை அவரே அடைத்தார்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் அதிகாரி பதவியை விலைக்கு விற்கும் வழக்கத்தை வெல்லிங்டன் கடைசி வரை ஆதரித்தார். பிரபுக்களின் பிள்ளைகள்தான் அதிகாரிகளாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தாமும் அப்படி வாங்கித்தானே வந்தார்! அந்த வழக்கம் ஒழிந்தது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1871-ல்தான். சார்ஜெண்டுக்கு ஒரு நியாயம், கர்னலுக்கு ஒரு நியாயம்.

ஆனாலும் அந்த உத்தரவால் வாழ்வு பெற்றவர்கள் ஏழைகள். வாட்டர்லூ போன்ற போர்களில் உயிரைப் பணயம் வைத்த சாமானிய வீரர்களுக்கு, வயதான காலத்தில் பிச்சை எடுக்கும் கதிதான் அன்று பெரும்பாலும் கிடைத்தது. அவர்களில் சிலருக்காவது உடுப்பும், கோட்டைக்குள் வீடும், மரியாதையும் கிடைத்தன.

இரவு பத்து மணி

கோட்டைக் கதவுகளைப் பூட்டுவது பல நூற்றாண்டுகளாக ஒரு சடங்காகவே நடந்து வந்தது. தலைமை வார்டர் விளக்கும் சாவிக் கொத்துமாக வருவார். கூடவே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள். ஒவ்வொரு வாசலாகப் பூட்டிக் கொண்டு திரும்புவார்கள். வழியில் ஒரு சிப்பாய் மறித்து, வருவது யார், யாருடைய சாவி என்று கேட்பான். அரசரின் சாவி என்று பதில் வந்த பிறகே வழி விடுவான். தினமும் பார்க்கும் முகம்தான். இருந்தாலும் கேட்டே தீர வேண்டும்.

வெல்லிங்டன் இதற்கு நேரம் குறித்தார். இரவு சரியாகப் பத்து மணி. அதற்குள் எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டும்.

கோட்டை வாசலில் ஒரு மிருகக் காட்சிச் சாலையும் இருந்தது! மன்னர்களுக்குப் பரிசாக வந்த சிங்கம், புலி, கரடி எல்லாம் அங்கே இருந்தன. 1255-ல் பிரான்சு மன்னர் அனுப்பிய யானை கூட அங்கே இருந்தது. ஆயுதக் கிடங்கின் வாசலில் வேடிக்கை பார்க்கும் கூட்டம்! அங்கே மிருகங்களுக்கு என்ன வேலை என்று நினைத்தார் டியூக். அவை ரீஜண்ட் பார்க் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. 1835-ல் அந்தக் காட்சிச் சாலை மூடப்பட்டது. பொது ஜனங்கள் கோட்டைக்குள் வருவதே அவருக்குப் பிடிக்காது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் தோற்றார். 1838-க்குப் பிறகு கட்டணம் குறைக்கப்பட்டது. ஜனங்கள் குடும்பத்துடன் வந்து குவிந்தார்கள்.

அகழித் தண்ணீர் நாறியது. சாக்கடையும் குப்பையும் அதில்தான். கோட்டைச் சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். 1843-ல் அகழியை வற்ற வைத்து மண் கொட்ட உத்தரவிட்டார். தண்ணீர் இருந்தால்தான் கோட்டைக்கு அழகு. ஆனால் காவல்காரன் உயிரோடு இருக்க வேண்டுமே!

கல்லெறி வாங்கிய வீரர்

கோட்டைக்குள் இப்படி இருக்க, வெளியில் அவருடைய நிலை என்ன? 1828-ல் பிரதம மந்திரி ஆனார். அடுத்த ஆண்டு அவருடைய மந்திரி ராபர்ட் பீல் லண்டனுக்குப் புதிய போலீஸ் படையை ஏற்படுத்தினார். உலகத்துப் போலீஸ் படைகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி.

ஆனால் நடுத்தர மக்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும் சட்டத்தை வெல்லிங்டன் எதிர்த்தார். ஜனங்கள் கொதித்தார்கள். 1830-ல் பதவி போயிற்று. 1831 ஏப்ரலில் அவருடைய வீட்டு ஜன்னல்களைக் கல்லால் உடைத்தார்கள். அப்போது அவருடைய மனைவி கிட்டியின் உடல் அடக்கம் செய்யப்படாமல் அந்த வீட்டில் கிடந்தது. அதன் பிறகு ஜன்னல்களுக்கு இரும்புக் கதவு போட்டார்.

1832 ஜூன் 18. வாட்டர்லூ வெற்றி நாள். டவருக்குப் பக்கத்தில் இருந்த நாணயச் சாலைக்குப் போய் விட்டுக் குதிரையில் திரும்பிக் கொண்டிருந்தார். ஒரு கூட்டம் சூழ்ந்து கொண்டது. கூச்சல் போட்டது. குதிரையிலிருந்து இழுக்கப் பார்த்தது. அவர் குதிரையை ஓட்டவில்லை. ஒரே சீராக நடத்திக் கொண்டே போனார். வழியில் வக்கீல்கள் இருக்கும் ஒரு வளாகத்தில் நுழைந்து தப்பினார். நாட்டைக் காத்தவர் என்று 17 ஆண்டுகளுக்கு முன் கொண்டாடிய அதே லண்டன்தான்.

சாவி இல்லாத காவல்

1841 அக்டோபர் 30-ந் தேதி இரவு. கோட்டையின் ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தது. அடுப்புப் புகைக் குழாய் அதிகமாகச் சூடேறியதுதான் காரணம் என்றார்கள். தீ பெரிய ஆயுதக் கிடங்குக்குத் தாவியது. பல்லாயிரம் துப்பாக்கிகள் எரிந்தன. கிரீடங்கள் இருந்த மார்ட்டின் கோபுரம் பக்கத்திலேயே இருந்தது.

நகைகளைக் காக்கும் அதிகாரி ஓடி வந்தார். வார்டர்கள் ஓடி வந்தார்கள். நகைகள் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருந்தன. கூண்டின் சாவி எங்கே? அது அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லேனிடம்! காவலாளியிடம் சாவி இருந்தால் திருடுவான் என்ற பயத்தில் செய்த ஏற்பாடு அது. திருடனுக்குப் பயந்தவர்கள் தீயை நினைக்கவில்லை.

கல் சுவரே சூடேறிக் கொண்டிருந்தது. ஒரு போலீஸ் அதிகாரி கடப்பாரையை எடுத்தார். கம்பிகளை வளைத்தார். அந்த இடுக்கில் உடம்பை நுழைத்து உள்ளே போனார். கிரீடம், செங்கோல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே நீட்டினார். வார்டர்கள் வாங்கிக் கொண்டு கவர்னர் வீட்டுக்கு ஓடினார்கள். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை.

விலைக்கு வாங்கிய வேலைக்காரர்கள் கையில் அந்த இரவில் அத்தனை தங்கம் போயிருந்தால்? நினைத்துப் பார்க்க வேண்டியதுதான். கடப்பாரை பிடித்தவரோ, 1829-ல் பீல் ஏற்படுத்திய போலீஸ் படையைச் சேர்ந்தவர்.

எரிந்த கிடங்கு இருந்த இடத்தில் ஆயிரம் சிப்பாய்கள் தங்கும் புதுக் கட்டடம் எழுந்தது. 1845-ல் அதற்கு வெல்லிங்டனே அஸ்திவாரக் கல் நாட்டினார். வாட்டர்லூ பாரக்ஸ் என்று பெயர்.

1848 ஏப்ரல் 10-ந் தேதி, தொழிலாளர்கள் ஓட்டுரிமை கேட்டு லண்டனில் மாபெரும் கூட்டம் கூட்டினார்கள். புரட்சி வரப் போகிறது என்று பணக்காரர்கள் நடுங்கினார்கள். அப்போது வெல்லிங்டனுக்கு 79 வயது நெருங்கி விட்டது. அவர்தான் ராணுவத்தின் தலைவர். பாலங்களையும் டவரையும் பலப்படுத்தினார். ஆனால் சிப்பாய்களை ஜனங்களின் கண்ணில் படாமல் கட்டடங்களுக்குள் மறைத்து வைத்தார். துப்பாக்கியைக் கண்டால் கூட்டத்துக்கு வெறி பிறக்கும் என்பது அவருக்குத் தெரியும். அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை. தொழிலாளர்களும் அமைதியாகவே கலைந்தார்கள்.

கோகினூர்

1849-ல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர், சிறுவனாக இருந்த துலீப் சிங் மன்னரிடமிருந்து கோகினூர் வைரத்தை எடுத்துக் கொண்டார்கள். அது விக்டோரியா ராணியிடம் போய்ச் சேர்ந்தது. போதுமான பளபளப்பு இல்லை என்று, 1852-ல் அதைப் புதிதாகப் பட்டை தீட்ட முடிவு செய்தார்கள். நீராவி யந்திரத்தில் வைரத்தை முதன் முதலாக வைத்துத் தொடங்கி வைத்தவர் வெல்லிங்டன். அப்போது அவருக்கு 83 வயது. 186 காரட்டாக இருந்த வைரம், தீட்டி முடித்தபோது சுமார் 106 காரட்டாகச் சுருங்கி விட்டது.

 1852 செப்டம்பர் 14-ந் தேதி, கடற்கரையில் உள்ள வால்மர் கோட்டையில் இறந்தார். கல் எறிந்த லண்டன், நவம்பர் 18-ந் தேதி அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் தெருவில் நின்றது.

1967-ல் ராஜ நகைகள் வாட்டர்லூ பாரக்சுக்கு மாற்றப்பட்டன. கோகினூர் இன்று அங்கேதான் இருக்கிறது. வார்டர்கள் இன்றும் பட்டாளத்தில் 22 ஆண்டுகளாவது பணி செய்து நற்பெயர் எடுத்தவர்கள். 2007-ல் முதன் முதலாக ஒரு பெண்ணும் வார்டர் ஆனார். வேலையை யாரும் விற்பதில்லை. இறந்தவரின் பணத்தை எந்தக் கான்ஸ்டபிளும் எடுப்பதில்லை. ஆனாலும் புதியவர் பதவி ஏற்கும்போது, வார்டராக இருக்கையில் சாகாமல் இருக்கட்டும் என்று மற்றவர்கள் இன்றும் கோப்பையை உயர்த்துகிறார்கள்.